எண்ணும் எல்லையும்

ஒரு சொல்லின் பொருளை அறிதற்கு அதன் எழுத்துக்களை அறிதல் மாத்திரம் போதாது. அதனைப் பிரிக்கும் இடத்தையும் அறிதல் வேண்டும். ‘வேங்கை’ என்பது பிரியாது நின்றவிடத்து ஒரு மரத்தையேனும் ஒரு விலங்கையேனும் குறிக்கும். ‘வேம் கை’ எனப் பிரிந்தவிடத்து வேகின்ற கையைக் குறிக்கும். எழுத்து ஒன்றே; எல்லை வேறு; ஆதலின் பொருளும் வேறாயிற்று. இவ்வாறு தனிமொழியாயும் தொடர்மொழியாயும் நிற்பதனைப் பொதுமொழி என்பர் இலக்கண நூலார். இவ்வியல்பு மொழிக்கு மாத்திரம் உரியதன்று. கணினிகள் ஒன்றையொன்று அறிந்து செய்தி பரிமாறுதற்கு அடிப்படையாயுள்ள முகவரியெண்களுக்கும் இது பொருந்தும். தமிழாசிரியராகிய யாம் இப் பொருளை எழுத எடுத்துக்கொண்டமைக்கு இவ்வொப்புமையே காரணம்.

இக் காலத்து மாணவர் பலர் இணைய முகவரி வகுப்புக்களின் அட்டவணையைப் பிழையற மனனஞ் செய்து ஒப்புவிக்கின்றனர். ஆயின், அவ் வகுப்புக்கள் எதற்காக எழுந்தன, எதனால் வழக்கிழந்தன, அவற்றின் இடத்தில் இன்று நிற்பது யாது என்று வினவின் மயங்குகின்றனர். அம் மயக்கத்தைக் களைதலே இக் கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் முகவரி எத்தகையதென நோக்குவாம். இணைய வழியிற் செய்தி பரிமாறும் ஒவ்வொரு கணினிக்கும் ஓர் எண் உண்டு, அதனை ஐ.பி. முகவரி என வழங்குவர். அதன் நான்காம் பதிப்பே ஈண்டு எமது ஆராய்ச்சிக்கு உரியது. அது 192.168.10.150 என்றாற்போல, புள்ளிகளாற் பிரிக்கப்பட்ட நான்கு எண்களாக எழுதப்படும். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரையிலான ஓர் எண். எனினும், இது மனிதர் படித்தற்கு எளிதாகச் செய்துகொண்ட எழுத்துமுறையேயாம். கணினிக்கோவெனின் அது 0, 1 என்னும் இரண்டே இலக்கங்களால் ஆகிய, 32 இடங்கொண்ட ஒரே துவித எண். அவ்விடம் ஒவ்வொன்றும் பிற்று எனப்படும். எட்டுப் பிற்றுக்கள் சேர்ந்து புள்ளிகளுக்கிடையே நிற்கும் ஓர் எண்ணாகும். அவ்வெட்டு இடங்களின் பெறுமானங்கள் இடமிருந்து வலமாக 128, 64, 32, 16, 8, 4, 2, 1 என்பன. 150 என்பது 128, 16, 4, 2 ஆகியவற்றின் கூட்டுத்தொகை. ஆதலின் துவித முறையில் அது 10010110 என எழுதப்படும். 32 இடங்களில் எழுதக்கூடிய எண்கள் மொத்தம் 429 கோடியே 49 இலட்சத்து 67 ஆயிரத்து 296 ஆகும்.

இம் முகவரி இரு கூறுடையது. முற்கூறு வலையமைப்பைக் குறிக்கும். பிற்கூறு அவ் வலையமைப்பினுள் உள்ள தனிக் கணினியைக் குறிக்கும். தொலைபேசி எண்ணிலும் இதனைக் காணலாம். 021 எனத் தொடங்கின் அது யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தது. 011 எனத் தொடங்கின் கொழும்பைச் சேர்ந்தது. எஞ்சிய இலக்கங்கள் இன்னார் வீடு என்பதைக் காட்டும். செய்திகளை ஒரு வலையமைப்பிலிருந்து மற்றொன்றுக்குச் செலுத்துங் கருவி, ரவுட்டர் எனப் பலரும் வழங்கும் வழிப்படுத்தியாம். அது தொலைவிலுள்ள ஒவ்வொரு கணினியையும் அறிந்திருத்தல் வேண்டுவதின்று. வலையமைப்புக்களை அறிந்திருப்பின் அமையும். பிற ஊருக்குச் செல்லுங் கடிதத்தைத் தரம்பிரிக்கும் அஞ்சலூழியர் ஊர்ப்பெயரை நோக்கிப் பையிலிடுவாரேயன்றி வீட்டிலக்கத்தை ஆராயாமை போல்வது இது.

இனி, 32 பிற்றுக்களில் முற்கூறு எவ்விடத்தில் முடிகின்றது? இவ்வொரு வினாவுக்குக் காலந்தோறும் கூறப்பட்ட விடைகளே இணைய முகவரியின் வரலாறாகும்.

அமெரிக்க நாட்டுப் பாதுகாப்புத் திணைக்களத்தின் ஆதரவில், பல்கலைக்கழகங்களையும் ஆராய்ச்சி நிலையங்களையும் இணைத்து நின்ற ஆர்ப்பாநெற் என்னும் வலையமைப்பின் சூழலிலே இம் முறை தோன்றிற்று. 1980ஆம் ஆண்டு ஜனவரியில் வெளியான ஆர்.எவ்.சி. 760 என்னும் ஆவணம், முதல் எட்டுப் பிற்றுக்கள் வலையமைப்புக்கும் எஞ்சிய இருபத்து நான்கும் கணினிக்கும் உரியன என விதித்தது. அவ்விதிப்படி உலகம் முழுவதிலும் 256 வலையமைப்புக்களுக்கு மேல் அமைதல் இயலாது. ஆகவே 1981 செப்ரெம்பரில், ஜோன் பொஸ்ரல் பதிப்பித்த ஆர்.எவ்.சி. 791 என்னும் ஆவணத்தில் வகுப்பு முறை கொள்ளப்பட்டது. 1983 ஜனவரி 1ஆம் நாள் ஆர்ப்பாநெற் முழுவதும் இப் புதிய நெறிமுறைக்கு மாறிற்று.

வகுப்பு முறையாவது, முகவரியின் தொடக்கப் பிற்றுக்களை நோக்கியே எல்லையைத் துணிதலாகும். முதற் பிற்று 0 ஆயின் அது ஏ வகுப்பு. முதல் எட்டுப் பிற்றுக்கள் வலையமைப்புக்கும் 24 பிற்றுக்கள் கணினிக்கும் உரியன. 10 எனத் தொடங்கின் பி வகுப்பு. பதினாறு அங்கும் பதினாறு இங்குமாம். 110 எனத் தொடங்கின் சி வகுப்பு. 24 வலையமைப்புக்கும் எட்டு மாத்திரம் கணினிக்கும் உரியன. வழக்கமான எழுத்துமுறையிற் கூறின், முதலெண் 1 முதல் 126 வரையாயின் ஏ, 128 முதல் 191 வரையாயின் பி, 192 முதல் 223 வரையாயின் சி எனக் கொள்க. 0, 127 என்னும் இரண்டும் தனிப்பயன் கருதி ஒதுக்கப்பட்டவை; 127 கணினி தன்னோடு தானே பேசுதற்கு உரியது. 224 முதல் 239 வரையுள்ள டி வகுப்பு, ஒரு குழுவினர்க்கு ஒருங்கே அனுப்புஞ் செய்திக்கு உரியது. 240 முதல் மேலுள்ள ஈ வகுப்பு பிற்காலத்தேவை கருதி ஒதுக்கப்பட்டது.

இம்முறையில் ஒரு நன்மை இருந்தமையை மறுத்தலாகாது. எல்லை எங்குள்ளது என்பதை முகவரி தானே அறிவித்தது. வேறொரு குறிப்பும் வேண்டியதில்லை. சிறிய நினைவகமும் குறைந்த வேகமும் உடைய அக் காலத்துக் கருவிகளுக்கு இது பேருதவி.

ஆயின், பங்கீட்டை நோக்குமின். முதற் பிற்று 0 ஆகும் எண்கள் மொத்த எண்களிற் சரிபாதி. அப் பாதி முழுவதும் 126 வலையமைப்புக்களுக்கெனச் சென்றது. ஒன்றினுக்குக் கிடைத்தவை 1 கோடியே 67 இலட்சத்து 77 ஆயிரத்து 216 முகவரிகள். காற்கூறு பி வகுப்புக்கு உரியதாயிற்று. அதில் 16,384 வலையமைப்புக்கள், ஒவ்வொன்றிலும் 65,536 முகவரிகள். அரைக்காற்கூறே சி வகுப்புக்கு எஞ்சியது. அதில் இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட வலையமைப்புக்கள் அமையுமெனினும் ஒவ்வொன்றும் 256 முகவரிகளே கொண்டது. எந்த வலையமைப்பிலும் பிற்கூறு முழுவதும் 0 ஆகிய எண் அவ் வலையமைப்பின் பெயராக நிற்கும். முழுவதும் 1 ஆகிய எண் அதிலுள்ள யாவர்க்கும் ஒருங்கே அறிவித்தற்கு உரியது. ஆகவே இரண்டு கழிய, 254 கணினிகளே சி வகுப்பு வலையமைப்பொன்றில் இடம்பெறலாம்.

முந்நூறு கணினிகளையுடைய நிறுவனமொன்று முகவரி வேண்டிநின்றதெனக் கொள்வோம். சி வகுப்பு அதற்குப் போதாது. பி வகுப்பைக் கொடுத்தால் அறுபத்தையாயிரத்துக்கு மேற்பட்ட முகவரிகள் வாளா கிடக்கும். இரண்டு பரப்புக் காணி வேண்டுவோனுக்கு ஒரு பரப்பு அல்லது ஓர் ஊர் என இரண்டையே காட்டித் தெரிவுசெய்யச் சொல்வதை ஒக்கும் இது. பலரும் பெரியதையே விரும்பினர் என்பதிற் புதுமையில்லை.

வகுப்பு முறையின் இன்னொரு குறை விரைவில் வெளிப்பட்டது. ஒரு பல்கலைக்கழகம் பி வகுப்பு எண்ணொன்றைப் பெற்றது. அதன் துறைகள் தனித்தனிக் கட்டடங்களில் தத்தமக்கென வலையமைப்புக்களை அமைத்தன. ஒவ்வொன்றுக்கும் புதிய எண் பெறுவதாயின் எண்கள் கழியும். உலகிலுள்ள வழிப்படுத்திகள் யாவும் அவ்வெண்களை நினைவிற் கொள்ளவும் வேண்டும். இதற்குத் தீர்வாக எழுந்ததே உபவலையாக்கம். அதன் விதிகள் ஜெப்ரி மோகுல், ஜோன் பொஸ்ரல் என்போர் எழுதிய ஆர்.எவ்.சி. 950 என்னும் ஆவணத்தில், 1985 ஓகஸ்ற் மாதத்தில் வகுத்துரைக்கப்பட்டன.

எமது ஊர் வளவொன்றை நினைமின். பிள்ளைகளுக்குப் பகிர்ந்தளிக்க விரும்பிய தந்தை உள்ளே வேலியடைத்து நான்கு பங்காக்குகிறார். வெளி ஒழுங்கையால் வருவோனுக்கு அது முன்போல ஒரு வளவே, ஒரு படலையே. உள்ளே புகுந்த பின்னரே எப் பங்கு யாருடையது என்னும் வினா எழும். உபவலையாக்கமும் அத்தகையது. கணினிக்கென விடப்பட்ட பிற்கூற்றிலிருந்து சில பிற்றுக்களைக் கடனாகப் பெற்று முற்கூற்றோடு சேர்த்தலே அவ்வுள்வேலி. ஒரு பிற்றுப் பெறின் இரண்டு பங்கு. இரண்டு பெறின் நான்கு. மூன்று பெறின் எட்டு.

வேலி எவ்விடத்தில் உள்ளது என்பதைக் கணினிக்கு அறிவித்தல் வேண்டுமன்றோ? முகவரியின் தொடக்கப் பிற்றுக்கள் இதனைச் சொல்லமாட்டா. அதற்கெனவே முகவரியோடு கூட வேறோர் எண் வைக்கப்பட்டது. அதுவே சப்நெற் மாஸ்க் எனப்படும் உபவலை மறைப்பு. அதுவும் 32 பிற்றுடையது. முற்கூற்றுக்குரிய இடங்களில் 1உம் பிற்கூற்றுக்குரிய இடங்களில் 0உம் நிற்கும். 255.255.255.0 எனின் 24 இடங்கள் 1. ஆகவே எல்லை இருபத்து நான்காம் பிற்றின் பின் உள்ளது. இதனைச் சுருக்கி /24 என்றும் எழுதுவர்.

ஓர் எடுத்துக்காட்டால் இதனைத் தெளிவாக்குவாம். ஒரு கல்லூரிக்கு 192.168.10.0/24 என்னும் வலையமைப்பு உள்ளது. அங்கே கணினி ஆய்வுகூடத்தில் 100 கணினிகளும், நூலகத்தில் 50உம், அலுவலகத்தில் 20உம், ஆசிரியர் அறையில் 10உம் உள. நான்கு சமபங்காகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 64 முகவரிகள் பெறும். இரண்டு கழிய 62. ஆய்வுகூடத்துக்கு அது போதாது. ஆசிரியர் அறைக்கு மிகை. ஆதலின் தேவைக்கேற்ப வெவ்வேறு அளவாகப் பிரித்தல் வேண்டும். பெரியதை முதலில் வைத்தல் நன்று. ஏனெனில் ஒவ்வொரு பங்கும் தன் அளவின் மடங்காகிய எண்ணிலேதான் தொடங்கலாம். ஆய்வுகூடத்துக்கு 0 முதல் 127 வரை. 126 கணினிகளுக்கு இடமுண்டு, மறைப்பு /25. நூலகத்துக்கு 128 முதல் 191 வரை; 62 கணினிகள், மறைப்பு /26. அலுவலகத்துக்கு 192 முதல் 223 வரை. 30 கணினிகள், மறைப்பு /27. ஆசிரியர் அறைக்கு 224 முதல் 239 வரை. 14 கணினிகள், மறைப்பு /28. இன்னும் 16 முகவரிகள் வருங்காலத்துக்கென எஞ்சும்.

இப்போது 192.168.10.150 என்னும் கணினி தன் உபவலையை எவ்வாறு அறிகின்றது? மறைப்பு /26 ஆதலின் அதன் இறுதியெண் 192. துவித முறையில் 11000000. முகவரியின் இறுதியெண் 10010110. இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து, இரண்டிடத்தும் 1 உள்ளவிடத்து 1 எனவும் ஏனைய இடங்களில் 0 எனவும் எழுதுக. வருவது 10000000, அஃதாவது 128. ஆகவே அக் கணினி 128 எனத் தொடங்கும் நூலக உபவலையைச் சேர்ந்தது. அது 192.168.10.20 என்னும் ஆய்வுகூடக் கணினிக்குச் செய்தி அனுப்ப விரும்பின், 20ஐயும் அவ்வாறே 192 உடன் வைத்துப் பார்க்கும். வருவது 0. தன் எண் 128. அதன் எண் 0. ஆகவே அது வேறு பங்கைச் சேர்ந்தது எனத் துணிந்து, செய்தியைப் படலையாகிய வழிப்படுத்தியிடம் ஒப்படைக்கும்.

மறைப்பைப் பிழையாக இட்டால் நிகழ்வது யாது? நூலகக் கணினியில் /26 என்பதற்குப் பதிலாக /24 என இட்டுவிட்டனர் எனக் கொள்வோம். முகவரியில் ஓர் இலக்கமேனும் பிழையில்லை. எனினும், அக் கணினி ஆய்வுகூடக் கணினியைத் தன் பங்கிலுள்ளதாகவே கருதும், படலையை நாடாது, நின்ற இடத்தில் நின்றே அதனைக் கூவி அழைக்கும். அவ்வழைப்பு வேலியைக் கடவாது, மறுமொழியும் வாராது. எண் சரியாயிருந்தும் எல்லை பிழைத்தமையாற் பொருள் பிழைத்தது. ‘வேம் கை’ என்று கூறியதை ‘வேங்கை’ எனக் கேட்டு அஞ்சியோடுவானின் நிலை இதுவேயாம்.

இவ்வுள்வேலிகளாற் பயன் யாதெனின், இரண்டு கூறலாம். ஒரு கணினி யாவரையும் நோக்கி எழுப்பும் அழைப்பு அவ்வுபவலையளவில் அடங்குகிறது. நூறு மாணவர் பயிலும் ஆய்வுகூடத்தின் ஆரவாரம் அலுவலகத்தை அலைப்பதில்லை. மேலும், புள்ளிப் பதிவும் கணக்கும் உள்ள அலுவலகக் கணினிகளை அணுகுவோர் யாவரும் வழிப்படுத்தியைக் கடந்தே செல்லவேண்டும். எனினும், வேலி மாத்திரம் காவலாகாது. படலையில் இன்னாரை விடுக, இன்னாரைத் தடுக்க என்னும் விதிகளையும் அமைத்தல் வேண்டும்.

உபவலையாக்கம் வளவுக்குள் நிகழ்ந்த சீர்திருத்தம். வளவுகளின் அளவோ பழையபடியே இருந்தது. 1990களின் தொடக்கத்தில் பி வகுப்பு எண்கள் தீர்ந்துவிடும் என்னும் அச்சமும், வழிப்படுத்திகளின் பட்டியல்கள் தாங்கொணாது பெருகும் என்னும் அச்சமும் ஒருங்கே எழுந்தன. ஆகவே 1993 செப்ரெம்பரில் ஆர்.எவ்.சி. 1519 என்னும் ஆவணம் வகுப்புக்களையே நீக்கிற்று. வகுப்பில்லா வழிப்படுத்தல் என்னும் இம்முறையில் முகவரி எவ்வெண்ணில் தொடங்கினும் எல்லையை மறைப்பே உணர்த்தும். முந்நூறு கணினிகளையுடைய அந் நிறுவனத்துக்கு /23 கொடுக்கலாம். 510 கணினிகளுக்கு இடமுண்டு. அதற்கு மேல், அடுத்தடுத்துள்ள பல தொகுதிகளை ஒன்றாகச் சேர்த்து ஒரே வரியில் அறிவிக்கவும் வழி பிறந்தது. பிரித்தற்குக் கண்ட உபாயமே சேர்த்தற்கும் உதவிற்று. எனவே, இன்று 10 எனத் தொடங்கும் முகவரியைக் கண்ட மாத்திரத்தே ‘ஏ வகுப்பு, ஆகவே /8’ என்று துணிதல் தவறு. அது /8 ஆகலாம், /24 ஆகலாம், /30உம் ஆகலாம். மறைப்பைக் கேட்டே விடை கூறுக.

சீர்திருத்தம் வந்ததெனினும், முன்னரே பகிர்ந்தவற்றை மீட்டல் எளிதன்று. ஸ்ரான்போட் பல்கலைக்கழகம் 36 எனத் தொடங்கும் ஏ வகுப்புத் தொகுதி முழுவதையும் உடையதாயிருந்தது. 2000ஆம் ஆண்டில் அதனைத் தானே திருப்பியளித்தது. அத் தொகுதி 2010இல் ஆசிய பசிபிக் பிராந்தியத்துக்கு வழங்கப்பட்டது. மசாசூசெற்ஸ் தொழினுட்பக் கழகம் 18 எனத் தொடங்கும் தொகுதியை உடையதாயிருந்தது; அதில் ஒரு கோடியே நாற்பது இலட்சம் முகவரிகள் பயன்படாதிருந்தன என 2017இல் அறிவித்து, அவற்றுள் ஒரு பகுதியை விற்றது. ஒரே காலத்தில் ஒரே வகையான பேறு பெற்ற இரு கல்விநிலையங்கள், வெவ்வேறு காலத்தில் அதனை வெவ்வேறு வகையிற் கையாண்டமை இது.

இதற்கிடையில் பொதுக் களஞ்சியம் வறிதாயிற்று. 2011 பெப்ருவரி 3ஆம் நாள், உலகப் பொதுக் களஞ்சியத்தில் எஞ்சியிருந்த ஐந்து தொகுதிகளும் ஐந்து பிராந்தியப் பதிவகங்களுக்கும் ஒவ்வொன்றாகப் பகிரப்பட்டன. எமது இலங்கை, அப்னிக் எனப்படும் ஆசிய பசிபிக் பதிவகத்தைச் சார்ந்தது. அப் பதிவகம் அதே ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் தன் கடைசித் தொகுதியைத் தொட்டது. அதிலிருந்து ஓர் உறுப்பினருக்கு 1,024 முகவரிகளுக்கு மேற்படாதவாறு அளந்து கொடுத்தது. முற்பட்டோர் ஒருவர்க்கு ஒரு கோடியே அறுபத்தேழு இலட்சம். பிற்பட்டோர் ஒருவர்க்கு ஆயிரத்து இருபத்து நான்கு. 1981இல் இட்ட எல்லைக்கோடு முப்பது ஆண்டு கழித்து யாரைத் தாக்கிற்று என்பதை இவ்விரண்டு எண்களும் காட்டும்.

பற்றாக்குறையைத் தாங்குதற்கு இரு வழிகள் வகுக்கப்பட்டன. ஒன்று, தனிமுகவரி. 10.0.0.0/8, 172.16.0.0/12, 192.168.0.0/16 என்னும் மூன்று தொகுதிகளையும் எவரும் தம் வளவுக்குள் வழங்கிக்கொள்ளலாம் என 1996இல் ஆர்.எவ்.சி. 1918 விதித்தது. இவை பொது இணையத்தில் நடமாடா. படலையிலுள்ள கருவி அவற்றைப் பொது முகவரியொன்றாக மாற்றியே வெளியே அனுப்பும். பல இல்லங்களில் 192.168 எனத் தொடங்கும் எண்ணைக் காண்பது இதனாலேயே. மற்றையது, ஆறாம் பதிப்பு. அதன் முகவரி 128 பிற்றுக்கள் கொண்டது. அதில் அமையும் எண்களின் தொகை 39 இலக்கங்களால் எழுதப்படும். ஆயினும், அங்கும் முகவரிக்குப் பின் /48, /64 எனக் கோடிட்டு எழுதுதலைக் காணலாம். எண் பெருகிற்று, எல்லை குறித்தல் நீங்கவில்லை.

ஆகவே மாணவர்காள்! வகுப்பு அட்டவணையைக் கற்பீராக, அது வரலாறு. பழைய நூல்களையும் வழக்குச் சொற்களையும் விளங்கிக்கொள்ள அது துணைசெய்யும். ஆயின், ஒரு முகவரியைக் கண்டவிடத்து முதலிற் கேட்கவேண்டியது ‘எல்லை யாது?’ என்பதே. தாளொன்றை எடுத்து 128, 64, 32, 16, 8, 4, 2, 1 என எட்டு இடங்களை வரைந்து, மேற்கூறிய கல்லூரியின் நான்கு பங்குகளையும் ஒருமுறை தாமே வகுத்துப் பார்ப்போர்க்கு இவ்விடயத்தில் ஐயம் எழாது. நிறுவனங்களிற் பொறுப்பேற்றுள்ள பழைய மாணவர்க்கும் ஒன்று கூறுவாம். இன்று ஒரு பணிமனைக்கு நீவிர் வகுக்கும் எண்கள், நாளை நுமக்குப் பின் வருவோர் வாழவேண்டிய வளவு. தேவையை அளந்து வேலியிடுமின். வருவோர்க்கும் சிறிது இடம் விடுமின்.